கிழக்கே பார்த்த பிள்ளைகள்

“எம்புள்ள செவிடுதான் டீச்சர். மண்டு இல்ல.”

காலாண்டுத் தேர்வு விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பாடம் நடக்கும்போதே வகுப்புக்குள் வந்து நின்று அந்த அம்மாள் இப்படிச் சொன்னார். செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டு வந்தார். மரியாதை அத்தோடு சரி. ஆறாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. அவருடைய மகள் மட்டும் இரண்டாவது பெஞ்சில் குனிந்து மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. எதைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்திருக்கும்.

“கணக்குல மூணு மார்க்கு, அறிவியல்ல ஏழு. இதப் போட்டோ பிடிச்சு அவ அத்தாவுக்கு அனுப்புனேன். சவுதியில லாரி ஓட்டுற மனுசன், வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதுருக்காக.”

“வெளிய போயிப் பேசுவோம்மா.”

“ஏன் வெளிய? உள்ளதான அவ ஒண்ணும் படிக்கல?”

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். எங்கள் அய்யா எனக்கு எழுதிவைத்த சொத்து அது ஒன்றுதான். உப்பூருக்கு மேற்கே, கண்மாய்க்கரைக் கிராமம் ஒன்றில் மிளகாய் போட்ட சம்சாரி வீட்டுப் பிள்ளை நான். சத்தம் போட்டே ஆள்களை வேலை வாங்கிய வீடு. அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்திருந்தேன்.

“காதுல மாட்டுற மெசின கழட்டிப் பையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்னம்மா செய்ய? எத்தனை தடவ சொல்றது?”

“அது கூ, கூன்னு கத்துது டீச்சர். முகாம்ல குடுத்த மெசினு. உப்புக் காத்துல எத்தன நாளைக்குத் தாங்கும்? பக்கத்துப் புள்ளைக சிரிக்குதுக. நீங்களுந்தான் சிரிச்சீகளாம்.”

சிரித்தேன். ஒரு நாள்தான். பாடத்தின் நடுவில் அது விசிலடித்தபோது, “யாருடி அது, குக்கர் வச்சிருக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தேன். அவள் அன்றைக்குத்தான் அதைக் கழற்றினாள். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அந்த அம்மாள் சொன்னபோது கூசவில்லை, காட்டிக் கொடுத்தது யார் என்று வகுப்பைத் துழாவினேன்.

“காலையில மதரஸாவுல ஓதுறா. தப்பில்லாம ஓதுறா. ஆலிமாகிட்டக் கேட்டுப் பாருங்க. அங்கன ஏறுறது இங்கன மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அந்த அம்மாள் போய்விட்டார். ‘திமிரைப் பார்’ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரமே அவருடைய மகளை வகுப்பிலிருந்து அனுப்ப எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தலைமையாசிரியருக்கு வம்பு பிடிக்காது. ஓய்வு பெறும்வரை எந்த வம்பும் வந்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கல்விக் கொள்கை. “டீச்சர், ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. அந்தப் பிள்ளைய வீட்டுவழிக் கல்விக்கு மாத்திவிட்ருவோம். வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வீட்டுக்கே போயிச் சொல்லிக் குடுப்பாங்க. அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நிம்மதி” என்றார். படுக்கையைவிட்டு எழ முடியாத பிள்ளைகளுக்கு என்று உள்ள ஏற்பாடு அது. அந்தப் பிள்ளை ரெட்டைச் சடை பின்னி, முக்காட்டை ஒதுக்கிவிட்டு, மைதானத்தில் கபடி ஆடுகிற பிள்ளை. தெரிந்தேதான் எழுதினேன். ‘மாணவிக்கு வகுப்பறைப் பாடத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை. வகுப்பில் தொடர்வதால் பயனில்லை.’ இரண்டே வரி. நான் அழுத்தி எழுதுகிறவள். மறுபக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படும். பெற்றவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம்தான் ஒன்றிய அலுவலகத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் நடந்தது. எல்லாக் குழந்தைகளுக்குமான வகுப்பறை என்று பேனர் கட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எழுத்தெழுத்தாக வாசித்தார். பின்வரிசையில் எங்களுக்கு ஒரு எழவும் கேட்கவில்லை. நான் கலர் பேப்பர் வெட்டி ஒட்டி, ‘தடைகளை அகற்றுவோம்’ என்று ஒரு சார்ட் செய்தேன். பாராட்டினார்கள், உளுந்தவடை கொடுத்தார்கள். அந்தச் சார்ட்டைக் கொண்டுவந்து என் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். நாசமாய்ப் போன சார்ட்.

வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கிழக்குச் சுவரில் கரும்பலகை. அதன் இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே பளீரென்று உவர்த்தரை, அதற்கு அந்தப் பக்கம் கடல். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த பெரியவர், பிள்ளைகள் கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி அப்படியே கட்டவைத்தாராம். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கிழக்கே பார்த்துப் படித்தால்தான் படிப்பு ஏறும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பரீட்சைக் காலத்தில் எங்கள் அய்யா என் பாயைத் தானே கிழக்கே திருப்பிப் போடுவார். நான் தேறியதற்கு அந்தப் பாய்தான் காரணம் என்று வாத்தியாரான பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வியர்வை அதிகம். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும், காற்று வராது. ஆகவே கடற்காற்று வருகிற இடதுபக்க ஜன்னலை ஒட்டி நின்றுதான் பாடம் எடுப்பேன். நான் சொல்வேன், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். “ஒளி நேர்கோட்டில் செல்லும்.” “ஒளி நேர்கோட்டில் செல்லும்!” கூரை அதிரும். அவள் வாயும் கூடவே அசையும். கூட்டத்தோடு சொல்கிறாள், தனியாகக் கேட்டால் ஊமைக் கோட்டானாக நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? கள்ளம், அழுத்தம், மந்தம் என்று மூன்றையும் நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த அம்மாளின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் மறுநாள் காலையில் மதரஸாவுக்குப் போனேன். நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மதரஸா நடந்த ஆலிமாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆலிமா என்றால் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவர்; இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முன்னறையில் பாய் விரித்து, ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். எதிரே மேற்குச் சுவரை ஒட்டி ஆலிமா இருந்தார்.

நான் நின்றதும் அறை இருண்டது. ஆலிமா தலையைத் தூக்கி, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர், மறைக்கிறீக” என்றார்.

“யாருக்கு மறைக்கிறேன்?”

“இவளுக்குத்தான். என் வாயப் பாத்துத்தான ஓதுவா.”

தள்ளி நின்றேன். காலை வெயில் வாசல் வழியாக நேரே போய் ஆலிமாவின் முகத்தில் விழுந்தது. அவர் ஒரு வரியைச் சொன்னார். அவள் அந்த வாயையே பார்த்திருந்துவிட்டு, கனத்த குரலில், நாக்குத் தடித்த மாதிரி, ஆனால் முழுதாகத் திருப்பிச் சொன்னாள். ஓரிடத்தில் ஆலிமா விரலால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவள் திருத்திச் சொன்னாள். எனக்கு அரபு தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிகிறதா இல்லையா என்பது முகத்தில் தெரியும். நான்கு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

“எல்லாப் புள்ளைகளையும் கிப்லா பக்கமா, மேக்க பாத்து உக்கார வைக்கிறது வழக்கம். அவளுக்கு அது நல்லதாப் போச்சு, வெளிச்சம் எம்மேல விழுது. நீங்க எப்புடி டீச்சர் உக்கார வச்சிருக்கீக?” என்று ஆலிமா கேட்டார்.

“கிழக்க பாத்து.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “அவ வாயப் பாத்துப் படிக்கிறவன்னு யாராச்சும் ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“நீங்க கேக்கலையே டீச்சர்.”

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தேன். பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருந்தது. சத்துணவு சமைக்கிற அக்கா மட்டும் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, நான் நிற்கிற ஜன்னலோரம் நிற்கவைத்தேன். நான் அவள் உட்காருகிற இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டேன்.

“பேசுங்கக்கா.”

“என்னத்தப் பேச?” என்று அவர் கேட்டது, கை கொஞ்சம் விலகியதில் காதில் விழுந்தது.

“முட்ட வரலன்னு பேசுங்க, எதையாச்சும் பேசுங்க.”

பேசினார். பேசினாரா என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடலும் உவர்த்தரையும் சேர்ந்து கண்ணைக் கூசவைத்தன. ஜன்னல் சட்டத்துக்குள் கரிக்கட்டையாக ஓர் உருவம் நின்றது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. நான் ஆசையாக மாட்டிய சார்ட்டும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அடிப்பாவி, நான்கு மாதம் இந்தக் கரிக்கட்டையைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாய் என்று வாய்விட்டே சொன்னேன். ‘டீச்சருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு’ என்று அக்கா அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியரிடம் போய் என் குறிப்பைத் திருப்பிக் கேட்டேன்.

“எழுதினது எழுதினதுதான் டீச்சர். கோப்புல போயிருச்சு. அந்தம்மா வந்து கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது.”

“தப்பா எழுதிட்டேன் சார்.”

“அப்ப உங்க வேலையில நீங்க சரியில்லன்னு ஒரு குறிப்பு எழுதட்டுமா?”

“எழுதுங்க” என்றேன். அவர் எழுதவில்லை. கரும்பலகையை மேற்குச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்றதும், “சுவர் அரசாங்கச் சொத்து, விண்ணப்பம் குடுங்க, மேல அனுப்பி வைக்கிறேன்” என்றார். அவர் மேலே அனுப்பியது எதுவும் கீழே வந்ததாகச் சரித்திரம் இல்லை. சனிக்கிழமை ஒரு டப்பா கரும்பலகைப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிவந்து, மேற்குச் சுவரில் நானே அடித்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. பெஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திருப்பி, பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரி மூன்று பக்கமாகப் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாராக இருந்தது. அதில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.

நிலம் கொடுத்த பெரியவரின் மகன்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாய் பெருத்தவர். புதன்கிழமை வந்துவிட்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், புள்ளைகள எல்லாம் தொழுகைக்கு உக்கார வச்ச மாதிரி வச்சிருக்கீக? எங்கய்யா சொன்ன தெசய மாத்த நீங்க யாரு?” என்றார்.

“மேக்க பாத்தா உங்க மொளகாக் காடுதான் அண்ணே தெரியுது. அதப் பாத்துப் படிச்சா உங்களுக்கு என்ன நட்டம்?”

“நீங்களும் நம்ம பக்கத்துப் புள்ளதான. உங்களுக்கே இது நல்லாருக்கா?”

“நல்லா இல்ல. கண்ணு கூசுது, வேர்த்து ஊத்துது. ஆனா பாடம் நடக்குது. வேணும்னா உள்ள வந்து உக்காருங்க, உங்களுக்கும் சேத்து நடத்துறேன்.” பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதைப் பக்கத்து வீதிவரை கேட்டிருப்பார்கள். நான் கரும்பலகையை விட்டு நகரவில்லை.

கோரஸையும் நிறுத்தினேன். எழுதும்போது பேசக் கூடாது. எழுதி முடித்துத் திரும்பி, அவள் என்னைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். பழக்க தோஷம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தப்பு செய்வேன். ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, கேள்வி கேட்டால் விடையை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னேன். முதல் நாள் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள்! அவர்களும் கூட்டத்தோடு சேர்ந்து வாயைத்தான் அசைத்திருக்கிறார்கள். கூரை அதிர்ந்த அந்தச் சத்தத்தையெல்லாம் நான் படிப்பு என்று எண்ணியிருந்தேன். இரண்டாவது பெஞ்சுக்காரியின் சிலேட்டில் மட்டும் ‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்று பிழையில்லாமல் இருந்தது. அதன் கீழே, நான் கேட்காமலே, ஒரு ஜன்னலும் அம்புக்குறியும் வரைந்திருந்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அவள் அம்மாவை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்க உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தகவல் சொல்லவில்லை. மகளையும் கூப்பிட்டு அனுப்பியதால்தான் விஷயம் தெரிந்து பின்னாலேயே ஓடினேன். நான் போனபோது மேசைமேல் படிவம், அதன்மேல் என் இரண்டு வரிக் குறிப்பு. அந்த அம்மாள் கையில் பேனா இருந்தது.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும். “இத எழுதுனது யாரு?”

“நான்தான்.”

“போன மாசம் புள்ள ஆகாதுன்னு எழுதுனீக. இந்த மாசம் போடாதங்கிறீக. ஒரு வாயில எத்தன நாக்கு டீச்சர்? இங்கன கெடந்து அசிங்கப்படுறதுக்கு அவ வீட்டுலயே இருக்கட்டும்.”

“தப்பு எம்மேல. அவளுக்குப் புரியுது. நாந்தான் மறைச்சுக்கிட்டு நின்னேன்.”

“டீச்சர், நீங்க கிளாசுக்குப் போங்க” என்றார் தலைமையாசிரியர். நான் போகவில்லை. அந்த அம்மாள் பேனாவை மேசையில் வைத்தார். என் குறிப்பை எடுத்து என் கையில் திணித்தார்.

“வாசிங்க.”

“எதுக்கும்மா?”

“அவளப் பத்தி எழுதுனது அவளுக்குத் தெரிய வேணாமா? அவ மொகத்தப் பாத்து வாசிங்க. அந்தா, வெளிச்சத்துல நின்னு வாசிங்க.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வெயில் என் முகத்தில் அடித்தது. அவள் எதிரே வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மதரஸாவில் பார்த்த அதே கவனத்தோடு என் வாயைப் பார்த்தாள். மாணவிக்கு, வகுப்பறைப் பாடத்தை, புரிந்துகொள்ளும் திறன், இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, வாயைத் திறந்து சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தப்பவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. வகுப்பில் தொடர்வதால், பயனில்லை. அதைச் சொல்லும்போது என் உதடு கோணியது. உடனே அவள், “திரும்பச் சொல்லுங்க டீச்சர்” என்றாள். புரியாத இடத்தில் கேட்கச் சொல்லி அந்த வாரம்தான் நான் பழக்கியிருந்தேன்.

திரும்பச் சொன்னேன்.

அவள் அந்தக் கனத்த குரலில், “எனக்குப் புரியும் டீச்சர். நீங்க அங்கன நிக்காட்டி புரியும்” என்று சொல்லி, என் வகுப்பு இருந்த பக்கமாகக் கையைக் காட்டினாள்.

அந்த அம்மாள் என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்தார். “இது எங்கிட்ட இருக்கட்டும். அவ படிச்சு ஒரு வேலைக்குப் போற அன்னைக்கு இத அவ கையில குடுப்பேன்” என்றார்.

“அது ஆபீஸ் பேப்பரும்மா” என்று தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

“வேணும்னா டீச்சர வேற எழுதச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “எழுத மாட்டேன் சார்” என்றேன். அந்த அம்மாள் கையெழுத்தில்லாத படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “கிளாசுக்குப் போ” என்றார். அவள் ஓடினாள்.

அவள் இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்த அம்மாளைச் சில நாள் பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன். நான் சிரித்தால் அவர் சிரிப்பதில்லை. கைப்பையை மட்டும் இடுக்கிக்கொள்வார். மன்னிப்புக் கேட்டுத் தாளைத் திருப்பி வாங்கிவிடு என்று என் வீட்டில் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை. நல்ல பேனாவில், அழுத்தி எழுதியது. அவள் வேலைக்குப் போகிற நாள்வரைக்கும் அழியாது.